கோயில் எரிந்த வாரத்தில் ஜே.சி.பி. வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு தேவாலயம் எரிந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். கருகிய பெஞ்சுகள், இடிந்த கூரை, முற்றத்தில் நிற்கும் சனம். அத்தோடு செய்தி முடிந்துவிடும். சபை மீண்டு எழுவதும் சிதறிப்போவதும் அதற்கடுத்த நாற்பது நாளில் எடுக்கிற முடிவுகளைப் பொறுத்தது. தீப்பட்ட பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்களும் சபைக் கணக்கு, பதிவேடு பார்ப்பவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். எல்லாச் சேகரங்களுக்கும் பங்குகளுக்கும், அதாவது ஊர்ச் சபை வட்டாரங்களுக்கெல்லாம், எங்கள் வேண்டுகோள் ஒன்றே. எரிந்த வாரத்திலேயே இடித்துத் தள்ளி அடிக்கல் நாட்டாதீர்கள். தீக்குத் தப்பியதையும் ஜே.சி.பி. வாரிக்கொண்டு போய்விடும்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 மாலை எரிந்தது. மறுபடி திறந்தது 2024 டிசம்பர் 7. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டில் முதல் இரண்டு ஆண்டுக்கு மேல் போனது, மிஞ்சி நின்றதை விழாமல் பிடித்து நிறுத்துவதற்கே. கோபுர வேலைக்காகக் கட்டியிருந்த இரும்புச் சாரத்தில் சுமார் 40,000 துண்டுகள் தீயில் வளைந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டி இறக்குவது 2020 ஜூனில் தொடங்கி நவம்பர் வரை நடந்தது. ஏறத்தாழ 84.6 கோடி யூரோ நன்கொடை கையில் இருந்தும், அரசே பின்னால் நின்றும், அவர்கள் அவசரப்படவில்லை. அதற்காக வழிபாட்டை நிறுத்தவும் இல்லை. தீ நடந்து சரியாக இரண்டு மாதத்தில், ஜூன் 15-ம் தேதி, பக்கச் சிற்றாலயம் ஒன்றில் தலைக்கவசம் அணிந்து முப்பது பேரளவில் கூடித் திருப்பலி நிறைவேற்றினார்கள். கட்டட வேலையையும் சபை வாழ்வையும் அவர்கள் தனித்தனியே நடத்தினார்கள். நம் ஊர்ச் சபைகளும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

முதலில் சுவர். நம் பக்கத்துப் பழைய கோயில்கள் (தேவாலயத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடிக் கனத்தில் செங்கல்லோ கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை. மேலே தேக்கு உத்திரமோ பனங்கையோ, அதன்மேல் சீமை ஓடு. எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருப்பது அந்தக் கூரைதான். அது எரிந்து விழுந்ததும் சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஆபத்தானது முகப்பில் முக்கோணமாக ஏறும் முகட்டுச் சுவர். தீயின்போது விழாத அது, நான்கு நாள் கழித்து அடிக்கும் காற்றில் விழும். அந்நேரம் அடியில் சனம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே சுவரின் உயரம் எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டி ஆளை விலக்குங்கள். 20 அடிச் சுவருக்கு 30 அடி. முகட்டுச் சுவருக்கு உள்ளும் புறமும் சாய்வு முட்டு கொடுங்கள். சவுக்குக் கம்பு போதும். ஆனால் முட்டின் அடி வெறும் மண்ணில் ஊன்றக் கூடாது. பலகை அடித்து, முளை அறைந்து நிறுத்த வேண்டும். மின்சாரத்தைக் கோயில் மெயினில் அணைத்தால் போதாது. மின்வாரியத்தாரை வரவழைத்துக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டியுங்கள். சுவருக்குள் புதைந்த உத்திர முனைகளில் கனல் ஒரு நாள்கூடக் கிடந்து மறுபடி பற்றும். முதல் இரவு இரண்டு பேர் வெளியே காவலிருப்பது நல்லது.

சுவரைக் காப்பதா இடிப்பதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கருப்பாயிருப்பதெல்லாம் கெட்டுப்போனதும் அல்ல, வெள்ளையாயிருப்பதெல்லாம் நல்லதும் அல்ல. கரி படிந்த இடம் புகை மட்டும் பட்டதாயிருக்கலாம். கரியும் எரிந்துபோய் வெளுத்து நிற்கும் இடம் கடுஞ்சூடு கண்ட இடமாயிருக்கலாம். கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டும்போது பல சமயம் இளஞ்சிவப்பாகும், 600-க்கு மேல் சாம்பல் வெள்ளையாகும். கருங்கல்லில் உள்ள படிகக்கல் 573 டிகிரியில் சட்டென்று விரிவதால், உள்ளே மயிரிழை வெடிப்பு ஓடும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கல் 'டங்' என்கும், வெடித்தது 'பொத்' என்கும். சுண்ணாம்புக்கல் 800 டிகிரிக்கு மேல் வெந்தால் சுட்ட சுண்ணாம்பாகவே மாறிவிடும். தீயணைப்புத் தண்ணீரோ மழையோ பட்டதும் நீர்த்து, பூத்து, உதிரும். இவற்றையெல்லாம் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் அடிக்கு அடி பார்த்து, வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். நாலு சுவரில் ஒன்றை மட்டும் இறக்கி மூன்றைக் காப்பாற்ற முடியும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

உத்திரங்களும் அப்படியே. தேக்கு போன்ற கனத்த மரம் தீயில் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் கணக்கில்தான் கரியாகிறது. அரைமணி நேரம் எரிந்த 12 அங்குல உத்திரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் போயிருக்கும். கரியைச் செதுக்கி எடுத்தால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை அப்படியே இருக்கும். இரும்பு வேறு மாதிரி. 550, 600 டிகிரியில் அதன் வலுவில் பாதி போய்விடும். அதற்கு முன்பே நீளும். 10 மீட்டர் இரும்பு உத்திரத்தின் சூடு 500 டிகிரி கூடினால் அது 6 சென்டிமீட்டர் நீண்டு, தாங்கியிருக்கும் சுவரின் தலையை வெளியே தள்ளிவிடும். பிற்காலத்தில் ஓட்டை மாற்றி இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) போட்ட கோயில்களில் சுவர் தூக்குக்குண்டு பிடித்தால் செங்குத்தாக நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தேக்கைக் கரிக்கட்டை என்று காயலாங்கடைக்கு ஏற்றிவிட்டு, வளைந்த டிரஸை நிமிர்த்தி மறுபடி மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு.

தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் முழுவதும் காரைச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு அங்குலம் உலர ஏறத்தாழ ஒரு மாதம். இரண்டு அடிச் சுவர், இருபுறமும் காற்றுப் பட்டாலும், முழுதாக உலர ஒரு வருடம் ஆகும். சுவர்த்தலையைத் தார்ப்பாயால் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் முடிக்க வேண்டும் என்று ஈரச் சுவரில் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக விழும். காரைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் பொருந்தும். கரியையும் முதலிலேயே ஈரத்துணி கொண்டு துடைக்காதீர்கள், அது சுவருக்குள் இறங்கிவிடும். வேக்குவம் வைத்து இழுத்து, காய்ந்த ஸ்பான்ஜால் ஒற்றி எடுத்த பிறகே ஈரம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்திருந்தால் நெருப்பில் அது வெடித்துச் சிதறியிருக்கும். அந்தத் துண்டுகளை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளைக் கொண்டு வெறுங்கையால் கூட்டி அள்ளவைப்பது பாவம். நனைத்து, உடைக்காமல், முகக்கவசமும் கையுறையும் போட்டவர்கள் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

இனிப் பதிவேடுகள். எங்களைக் கேட்டால், இடிபாட்டுக்குள் இருக்கும் பொருள்களில் இவற்றுக்கு நிகரானது வேறில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் நூறு ஆண்டுக்கு மேலாக ஓர் ஊரின் பெயர்களைச் சுமந்திருப்பவை. வழக்கமாக இவை பீடத்தின் பக்க அறையில் ஒரு ஸ்டீல் பீரோவில் இருக்கும். பீரோ தீக்குக் கவசம் அல்ல. ஆனால் காற்றுப் புகாமல் மூடியிருந்ததால் காகிதம் பழுத்து, ஓரம் கருகி, தாங்கியிருக்கக்கூடும். உள்ளே சூடு இருக்கையில் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிவிடும். அவ்வளவு நேரம் தாங்கிய புத்தகம் கண்ணெதிரே சாம்பலாகும். வெளித் தகடு மட்டுமல்ல, நடுவும் ஆற வேண்டும். ஒரு முழு நாள் விட்டுத் திறங்கள்.

நனைந்திருந்தால் பக்கங்களைப் பிரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் மூடியபடியே மெழுகுத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கூடையில் முதுகு கீழாக ஒரே வரிசையாக வைத்து, 20 டிகிரி உறைநிலைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். கடற்கரை ஊர்களில் மீன் பதனிடும் குளிர்கிடங்கு கைகொடுக்கும். உள்ளூரில் ஐஸ்கிரீம் ஏஜென்சியின் டீப் ஃப்ரீசர்கூடப் போதும். உறைந்தபின் மாதக்கணக்கில் தாங்கும். ஆவணக் காப்பக வல்லுநரை நிதானமாகத் தேடலாம். ஐந்தாறு புத்தகம்தான் என்றால், சற்றே ஈரமானவற்றைப் பத்துப் பக்கத்துக்கு ஒரு மைஒற்றுத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாள் மாற்றி உலர்த்தலாம்.

முற்றிலும் போய்விட்டாலும் வழி இருக்கிறது. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவின் நகல் அரசுப் பதிவுத்துறைக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அங்கே விண்ணப்பிக்கலாம். ஞானஸ்நானத்துக்கு வீடு வீடாகப் பழைய சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி, படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்து, பேராயர் அல்லது ஆயர் அலுவலகத்தின் ஒப்புதலோடு புதுப் பதிவேடு திறக்க வேண்டும். எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஒவ்வொரு வரியிலும் குறிப்பது அவசியம். இல்லாவிட்டால் பின்னால் பாஸ்போர்ட்டுக்கோ வாரிசு வழக்குக்கோ அது செல்லாது.

மணியைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டிலிருந்த வெண்கலத்தின்மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் அது வெடிக்கக்கூடும். நன்றாயிருக்கிறதா என்று பார்க்க நாக்கை இழுத்து அடித்துவிடாதீர்கள், மயிரிழை வெடிப்பு விரிந்துவிடும். மரச்சுத்தியால் விளிம்பில் மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஓசை நீளாமல் செத்துப்போனால் வெடிப்பு இருக்கிறது. அப்போதும் துண்டு ஒன்றையும் விற்காதீர்கள்; அதே உலோகத்தை உருக்கி அதே மணியை வார்க்கலாம். ஏறத்தாழ நாலு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தது அது. மேலே பொறித்திருக்கும் ஆண்டையும் கொடுத்தவர் பெயரையும் முதலில் தாளில் கரி தேய்த்துப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருவிருந்துப் பாத்திரம், பித்தளைச் சிலுவை, சவுண்ட் சிஸ்டம் ஆகியவற்றை அந்த வாரமே துடைத்தாக வேண்டும். எரிந்த ஒயரின் பி.வி.சி. புகையில் அமிலம் இருக்கிறது. பார்க்க நன்றாயிருக்கும் பொருளை இரண்டு மாதத்தில் பச்சைப் பிடிக்கவைத்துத் தின்றுவிடும்.

நோத்ர தாமுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் தீக்குப் பல ஆண்டு முன்பே அந்தப் பேராலயத்தை லேசர் கருவியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். நம் சிறு கோயில்களுக்கு அந்த அளவு ஏது என்று கேட்கலாம். இருக்கிறது, திருமண ஆல்பங்களில். சபையில் ஒவ்வொரு குடும்பமும் பீடத்தின் முன்னே நின்று படம் எடுத்திருக்கிறது. ஐம்பது வருட ஆல்பங்களை ஒரு மேசையில் பரப்பினால் பீடத்துப் படிகள் எத்தனை, கம்பிக் கிராதியில் என்ன பூவேலை, ஜன்னல் வளைவில் எந்த நிறக் கண்ணாடி, பிரசங்க பீடம் தூணிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் கிடைக்கும். மணமகன் உயரம் ஐந்தேமுக்கால் அடி என்று தெரிந்தால், அவர் தோளுக்குப் பின்னே தெரியும் கிராதியின் உயரத்தைத் தச்சர் கணித்துவிடுவார். நாலு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், ஒரு ஸ்கேனரை வைத்து உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். அதற்காகவே ஆல்பத்தோடு வந்து உட்காரும் பெரியவர்கள் சபையை விட்டு விலகவும் மாட்டார்கள்.

முதல் ஞாயிறு ஆராதனை எரிந்த கோயிலின் வளாகத்திலேயே, கயிற்றுக்கு வெளியே நடப்பது நல்லது. பந்தல் தகரமாக இருக்கட்டும், கீற்று வேண்டாம். பிறகு அயல் சபையிலோ பள்ளிக்கூடத்திலோ இடம் கேட்கும்போது நேரம், மின்கட்டணப் பங்கு, எத்தனை மாதம் என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அயல் சபையாரோடு ஒரே ஆராதனையில் கலந்துவிடாமல், காலை ஏழு மணியோ மாலை நாலு மணியோ, நேரம் எதுவானாலும் தனி ஆராதனை நடத்துங்கள். ஓய்வுநாள் பள்ளியை ஒரு வாரம்கூட விடாதீர்கள். பிள்ளைகள் வந்தால் பெற்றோர் வருவார்கள். விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்துக்கு நடக்க முடியாத முதியவர்கள்; அவர்களுக்கு வண்டி வைக்கும் செலவைக் கட்டட நிதிக்கு முன்னால் எழுதுங்கள். மண்டபத்தில் திருமணம் வைப்பதானால் தேதி குறிக்கும் முன் பேராயர் அலுவலகத்தில் எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். எந்த இடத்தில் மணம் நடக்கலாம் என்பதற்கும் மேற்சொன்ன 1872 திருமணச் சட்டத்தில் விதி இருக்கிறது.

பணத்தில்தான் அநேகச் சபைகள் உடைகின்றன. 2019 மார்ச் 26-க்கும் ஏப்ரல் 4-க்கும் இடையே அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் செயின்ட் லாண்ட்ரி வட்டாரத்தில் கறுப்பின மக்களின் மூன்று பாப்திஸ்து கோயில்கள் தீவைத்து எரிக்கப்பட்டன. மூன்றும் நூறு ஆண்டு கடந்தவை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிதி, 18 லட்சம் டாலர் இலக்கு, சமப் பங்கு என்று அறிவித்தார்கள். நோத்ர தாம் எரிந்தபோது சிறு கோயில்களையும் நினையுங்கள் என்ற குரல் எழுந்து, சில நாளில் அந்த இலக்கைத் தாண்டியது. எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று தெளிவாகச் சொன்னதால் கொடுத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் குழப்பம் இல்லை. இங்கேயும் தனி வங்கிக் கணக்கு, மூவர் கையெழுத்து, வாரந்தோறும் பலகையில் வரவு செலவு என்று வைத்தால் பாதிப் பிணக்கு எழாது. சிமென்டாகக் கொடுக்க முன்வருபவர்களிடம் நன்றி சொல்லி, தேவைப்படும் மாதத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் அடுக்கிக் கிடந்த சிமென்டின் வலுவில் ஐந்தில் ஒரு பங்காவது போயிருக்கும்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய தம்பி அனுப்பினால் ஆகும். அதைப் பெறச் சபைக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி உரிய பதிவும், புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். மேலும், தமிழக அரசின் தேவாலயச் சீரமைப்பு நிதியுதவிக்குக் கட்டடம் பத்தாண்டு கடந்திருக்க வேண்டும், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், சீரமைப்புக்கு வெளிநாட்டு உதவி பெற்றிருக்கவும் கூடாது. பழுதுபார்க்கத் தரும் அந்த உதவியை, கட்டடத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு எப்படிக் கேட்பது?

காப்பீட்டுக்கும் இதுவே பொருந்தும். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன் இடிபாட்டை அள்ளிவிட்டால் இழப்பை நிறுவ முடியாது. சுவிட்ச்போர்டு, உருகிய ஒயர் முனை, மீட்டர் இவை காரணத்தைச் சொல்லும் சாட்சிகள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, தீயணைப்பு நிலையச் சான்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சதியா விபத்தா என்று அறிக்கை வரும்வரை மேடையில் பேசாதீர்கள். காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சபையார் தெரிந்திருக்க வேண்டும். திரும்பக் கட்ட 80 லட்சம் ஆகும் கோயிலை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 40 லட்சத்துக்குச் சேதம் என்றால், மதிப்பில் எந்த விகிதத்துக்குக் காப்பீடோ அந்த விகிதமே சேதத்துக்கும் என்ற சராசரி விதிப்படி கைக்கு வருவது 20 லட்சம் அல்ல, 10 லட்சம். எரியாத கோயில்களின் நிர்வாகிகள் இன்றே எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.

அரசுக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறோம். வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தீயில் அழிந்த ஒன்றை, எந்த மதத்தினுடையதாயினும், அதே அடித்தளத்தில், அதே உயரத்தில் திரும்பக் கட்டுவது புதிதாக ஒன்று கட்டுவது ஆகாது. பழைய வரி ரசீது, தீயணைப்புச் சான்று, பொறியாளரின் வரைபடம் மூன்றையும் வைத்து முப்பது நாளில் முடிவு சொல்லும் தனி வழிமுறை வேண்டும். இந்த அனுமதி கிடைக்காதோ என்ற பயத்தில்தான் பல சபைகள், யாரும் கேட்கும் முன் எழுப்பிவிடுவோம் என்று, ஈரச் சுவரின்மேலேயே கான்கிரீட் போடத் துணிகின்றன.

சபைகளை மேலிருந்து நிர்வகிக்கும் மறைமாவட்டங்களும் திருமண்டலங்களும் செய்ய வேண்டியது இன்னும் எளிது. டிசம்பர் வந்தால் வைக்கோல், தெர்மாகோல், சீரியல் பல்பு மூன்றையும் சேர்த்துக் குடில் கட்டி, இரவு முழுக்க எரியவிட்டுக் கதவைப் பூட்டிப் போகிறோம். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு சேகரத்திலும் பதிவேடுகளைக் கைபேசியிலாவது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு படியைப் பேராயர் அலுவலகத்திலும் ஒரு படியை வேறு ஊரிலும் வைக்க உத்தரவிடுங்கள். 200 பக்கப் பதிவேட்டுக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
தீப்பட்ட பழைய கட்டடங்களின் சீரமைப்புப் பணியாளர்களும் சபைப் பதிவேட்டுப் பொறுப்பாளர்களும்,
திருநெல்வேலி.